அவள் நிலம் எரிந்த கோடை

என் நிலம் ஏன் எரியவில்லை என்று உட்கார்ந்து அழுத ஒரே ஆள் இந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன். பக்கத்துத் துண்டு எரிந்து கரியாகி, அந்தக் கரிக்குள்ளிருந்து பச்சை கிளம்பி, அதைப் பார்க்க ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு புல்கூடக் கருகாத என் துண்டின் ஓரத்தில் நான் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைத் துக்கம் என்று சொன்னால் பொய். பொறாமை. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை.

நிலம் என்றதும் பட்டா நிலம் என்று நினைக்க வேண்டாம். ஆம்பூரைத் தாண்டி மலையடிவாரத்தில், ஊர் ஆடுமாடு மேய்வதற்கென்று விட்டிருக்கும் புறம்போக்கு. கல், புல், அங்கங்கே ஆவாரை, இவ்வளவுதான். ஆராய்ச்சிக்காக அனுமதி வாங்கி, அந்தச் சரிவில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு துண்டுகளை எங்கள் கல்லூரி எங்கள் இருவருக்கும் ஒதுக்கியது. யாருக்கு எது என்று சீட்டுப் போட்டு எடுத்தோம். கல் கம்மியாகவும் மண் ஆழமாகவும் இருந்த மேல் துண்டு எனக்கு வந்தது. அவளுக்குக் கீழ்த் துண்டு. அவளைவிட எனக்கு ஒன்று நன்றாக அமைந்தது அன்றைக்கு ஒருநாள்தான். அதற்கும் அவள் கைதட்டினாள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் என் தோழி. பி.எஸ்ஸி.யிலிருந்து ஒரே பெஞ்சு. அவளுக்குக் குடியாத்தம், அப்பா லுங்கி நெய்கிறவர். எனக்கு ஆம்பூர், அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் இருந்தார், அண்ணன் ஷூ கம்பெனியில் இருக்கிறான். இரண்டு வீட்டிலும் எங்களுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அவள் பணக்கார வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. நகைக்கடைக்காரர் மகள் ஒருத்தி எங்கள் வகுப்பில் இருந்தாள், தினம் காரில் வருவாள், அவளைப் பார்த்து நான் ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை. என்னைப் போலவே பஸ்ஸில் நசுங்கி, என்னைப் போலவே தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு வருகிற ஒருத்திக்கு எல்லாம் தானாக அமைந்தால்தான் வயிறு எரியும்.

எல்லாம் தானாகத்தான் அமைந்தது. நான் ஏறினால் நிற்கக்கூட இடம் இல்லாத பஸ்ஸில் அவள் ஏறினால் யாராவது எழுந்து இறங்கிப் போவார்கள். அவள் பிடித்து வைத்த இடத்தில்தான் பாதி நாள் நான் உட்கார்ந்தேன். என் கையெழுத்தைப் பார்த்து ‘இது இன்னா கோழி கிளறின மாதிரி’ என்ற எங்கள் மேடம், அவளை ‘கண்ணு’ என்று கூப்பிடுவார். மேடம் என்றால் எங்கள் இருவருக்கும் ஆராய்ச்சி வழிகாட்டி. என்னையும் ஒரே ஒரு முறை ‘கண்ணு’ என்றார். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

எங்கள் வேலை விதைகளோடு. மேய்ச்சல் நிலத்தில் வளரும் செடிகளின் விதை எப்போது முளைக்கிறது, எப்போது முளைக்க மாட்டேன் என்கிறது என்று பார்ப்பது. கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். கொழிஞ்சி விதையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், நாள்கணக்கில் கிடந்தாலும் ஊறாது. ஆவாரை விதையும் அப்படித்தான். வெளித்தோல் அவ்வளவு கெட்டி. தண்ணீரை உள்ளே விடாது. வெந்நீரில் போட வேண்டும், அல்லது அமிலத்தில் நனைத்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் தோலைத் தேய்த்துக் கீற வேண்டும். ஷூ கம்பெனியில் அடிப்பாகத்துக்குப் பசை போடுவதற்கு முன்னால் தேய்க்கிற எமரி தாளை அண்ணன் வீட்டுக்குக் கொண்டு வருவான். அதில் ஒவ்வொரு விதையாக வைத்துத் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனிகளில் ரேகையே போய்விட்டது. ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் மெஷின் என்னை ஏற்றுக்கொள்ளவில்லை.

அவ்வளவு தேய்த்தும் என் தட்டுகளில் பாதிக்கு மேல் முளைத்ததில்லை. அவள் ஒரு முறை வெந்நீரில் போட்ட விதையை மறந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால் தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாய் வேர். மேடம் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற வகுப்புக்கெல்லாம் காட்டினார். நான் அன்று தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இதெல்லாம் சின்னப் பொறாமைகள். கூட வாழப் பழகிவிட்டேன். பெரியது பின்னால் வந்தது.

எங்கள் துறையில் ஒருவர் ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்தது. ஒரே ஓர் இடம். நிரந்தர வேலை. சொந்தக் கல்லூரி. எங்கள் இருவரில் யார் களப்பணியில் நல்ல முடிவு காட்டுகிறோமோ அவருக்காகப் பேசுவதாக மேடம் வெளிப்படையாகவே சொன்னார். என் வீட்டில் அப்போதே எல்லாரும் பொறுமை இழந்துவிட்டிருந்தார்கள். அண்ணனின் கம்பெனி ஆபீசில் எனக்கு ஒரு நாற்காலி சொல்லி வைத்தாகிவிட்டது, மாப்பிள்ளையும் பார்த்தாகிவிட்டது. அம்மா தினமும், ‘வெதையவே பாத்துகினு இருந்தா வயசு நிக்குமா’ என்பார். அந்த வேலை கிடைத்தால் எல்லார் வாயும் அடைபடும். கிடைக்காவிட்டால் நான் இத்தனை வருஷம் செய்ததெல்லாம் ஒரு பொழுதுபோக்கு என்று ஆகிவிடும். அவளுக்கும் அதே நிலைமைதான். ஆனால் அவள் வீட்டு நிலைமையைப் பற்றி நினைக்க எனக்கு அப்போது நேரமில்லை.

அதனால் என் துண்டை நான் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டேன். இரண்டு துண்டிலும் ஒரே விதைகளைத்தான் தூவியிருந்தோம்: கொழிஞ்சி, ஆவாரை, ஊசிப்புல். அவள் துண்டில் ஆடுகள் வரலாம் போகலாம். மேய்ந்த நிலத்தில் விதை என்ன ஆகிறது என்பது அவள் கேள்வி. என் துண்டில் எதுவும் நுழையக் கூடாது. யாரும் தொடாத நிலத்தில் என்ன ஆகிறது என்பது என் கேள்வி.

அந்தப் பக்கத்தில் மாசி பங்குனியில் காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைப்பது வழக்கம். பழைய புல் போனால்தான் முதல் மழைக்குப் புதுப் புல் வரும், ஆட்டுக்கு வாய்க்கு இளசாக இருக்கும் என்று மேய்க்கிறவர்கள் வைப்பார்கள். யார் வைத்தது என்று கேட்டால் யாரும் வைத்திருக்க மாட்டார்கள், பீடி விழுந்திருக்கும். எனவே ஆள் வைத்து என் துண்டைச் சுற்றி மண் தெரியக் களைக்கொட்டால் கொத்தி ஒரு பட்டை எடுத்தேன். நெருப்பு வந்தால் அந்த வெறும் மண்ணோடு நின்றுவிடும். பிறகு ஆடு நுழையாமலிருக்க, வெட்டிக் காய்ந்த கருவேல முள்ளை வாங்கிச் சுற்றிலும் வேலி போட்டேன். அவளையும் பட்டை எடுக்கச் சொன்னேன். ‘ஆடு மேயற எடம்தானடி, எரியறதுக்கு அங்க இன்னா இருக்கு’ என்று சிரித்தாள். அலட்சியம் என்று நினைத்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

என் வேலியால் பேஜாரானது அங்கே ஆடு மேய்க்கும் அக்காவுக்குத்தான். நல்ல மேய்ச்சலை அடைத்துவிட்டேன் என்று என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவளோடு மட்டும் வெற்றிலை மடித்துக் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பார். ஆட்டுக்காரரின் மனசுகூட அவள் பக்கம்தான்.

நெருப்பு குருத்தோலை ஞாயிறு அன்று வந்தது. நான் கோயிலுக்குப் போய்விட்டு வீட்டில் இருந்தேன். அவளுக்கு அது வெறும் லீவுநாள், வெயில் ஏறுவதற்கு முன் அளவெடுத்துவிட்டு வரலாம் என்று மலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் போன் வந்தது.

“என்னுது போச்சுடி” என்றாள். “மொத்தமா எரிஞ்சிடுச்சு. உன்னுது ஒன்னும் ஆவல, பயப்படாத.”

ஐயோ என்றேன். அழாதே என்றேன். போனை வைத்தபின் என் வயிற்றில் குளுகுளுவென்று ஓர் உணர்ச்சி பரவியது. அவள் இவ்வளவு நாள் செய்த வேலை கரியாகிவிட்டது. என் பட்டை வேலை செய்திருக்கிறது. அம்மாவிடம்கூடச் சொன்னேன், முன்யோசனை இருக்கிறவர்களுக்குக் கடவுள் துணை என்று. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் போய்ப் பார்த்தோம். அவள் துண்டு கீழிருந்து மேல்வரை கறுப்பு. ஆவாரைச் செடிகள் குச்சி குச்சியாய் நின்றன. கால் வைத்தால் சாம்பல் எழும்பியது. மேலே என் துண்டு பொன் நிறத்தில் புல் சாய்ந்து அப்படியே இருந்தது. கீழ்ப்பக்கத்து வேலி மட்டும் பிடுங்கி அந்தாண்டை வீசப்பட்டிருந்தது. இந்தச் சமயம் பார்த்து ஆட்டை உள்ளே விட்டிருக்கிறார் அந்த அக்கா என்று எனக்குக் கோபம். எதுவும் கேட்கவில்லை, சந்தோஷத்தில் இருந்தேன்.

அந்தச் சந்தோஷமும் நெடுநேரம் நிற்கவில்லை. அவள் இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தாள். நெருப்பை அணைக்கப் பார்த்து முள் குத்தியது என்றாள். மேடம் அவளைக் கட்டிக்கொண்டார். துறையே அவளைச் சுற்றி நின்றது. யாரோ அவளுக்குச் சோறு ஊட்டினார்கள். நான் பட்டை எடுத்து, வேலி போட்டு, காப்பாற்றி வைத்திருக்கிறேன், எனக்கு ஒரு சபாஷ் இல்லை. ஒருத்திக்கு நஷ்டம் வந்தால்கூட அது இவ்வளவு அழகாகவா வர வேண்டும் என்று நினைத்தேன்.

சித்திரையில் கோடை மழை பிடித்தது. இரண்டு நல்ல மழை. அது நின்ற சில நாளில் அவள் போனில் ஒரு படம் வைத்தாள். வாட்ஸாப் ஸ்டேட்டஸில். கறுப்பு மண்ணில் கொசுக்கூட்டம்போலப் பச்சை. நான் அதைப் பார்த்தேன், மூடினேன், திரும்பப் பார்த்தேன். பார்த்தது அவளுக்குத் தெரியுமே என்ற வெட்கம்கூட இல்லாமல் எத்தனையோ முறை பார்த்தேன்.

இது முளைப்பாக இருக்காது, பழைய தூரிலிருந்து வந்த துளிராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புல் எரிந்தால் அடித்தூர் உயிரோடு இருக்கும், மழை பட்டால் துளிர்க்கும். அதில் விதைக்கு ஒரு பங்கும் இல்லை. அப்படி இருந்துவிட்டால் அவளுடைய பச்சைக்கு அர்த்தமே இல்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, யாரும் வருவதற்கு முன் அங்கே போனேன். அவள் துண்டில் மண்டியிட்டு, துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, ஒரு நாற்றைச் சுற்றி மண்ணை நெகிழ்த்தினேன். இரண்டு விதையிலை. கீழே ஒரு வெள்ளை வேர். ஒரு இலையின் நுனியில் கொழிஞ்சி விதையின் தோல் வெடித்துத் தொப்பிபோல மாட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றைத் தோண்டினேன். ஆவாரை. அதுவும் விதையிலிருந்து வந்ததுதான். அடுத்தது. அடுத்தது. ஒரு பொய்கூட இல்லை.

நான் எமரி தாளில் வருஷக்கணக்கில் தேய்த்ததை நெருப்பு ஒரு காலைப்பொழுதில் செய்துவிட்டது. புல் எரிவது விறகு எரிவதுபோல் அல்ல. சடசடவென்று வந்து கடந்து போய்விடும். மண்ணுக்கு மேலே கிடந்த விதை கருகிவிடும். ரொம்ப ஆழத்தில் இருப்பதற்கு நெருப்பு வந்ததே தெரியாது. ஒரு விரற்கடை மண்ணுக்குள் இருப்பதற்குத்தான் சரியான சூடு கிடைக்கிறது, சாகாமல், தோல் மட்டும் வெடிக்கிற அளவுக்கு. ஊசிப்புல் விதைக்கு வேறொரு சாமர்த்தியம். அதன் நீண்ட வால் ஈரம் பட்டால் முறுக்கிக்கொண்டு விதையைத் தானே மண்ணுக்குள் திருகி இறக்கிவிடும். நெருப்பு வரும்போது அது பத்திரமாகக் கீழே இருக்கும். நெருப்பு போனபின் மேலே மூடிக் கிடக்கும் பழைய புல் இல்லை, வெயில் நேராக மண்ணில் விழுகிறது. அப்புறம் புகை. எரிந்த புல்லின் புகை மழையில் கரைந்து மண்ணில் இறங்கினால் சில விதைகள் அதை ஒரு அழைப்பாக எடுத்துக்கொள்கின்றன. இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் துண்டுக்கு ஏறிப் போனேன். பழைய புல் பாய் விரித்ததுபோல் மண்ணை மூடிக் கிடந்தது. விலக்கிப் பார்த்தால் அடியில் குளிர்ந்த ஈரம், பூஞ்சை வாடை, சோனியாய் வெளுத்து நீண்ட சில நாற்றுகள். என் விதைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன, கெட்டியாய், பத்திரமாய், தூங்கிக்கொண்டு. நான் எவ்வளவு கவனமாகக் காப்பாற்றினேனோ அவ்வளவு கவனமாக அவற்றை முளைக்க விடாமல் செய்திருந்தேன். அங்கே உட்கார்ந்துதான் அழுதேன். வெயில் ஏறியபின் கீழே மேடம் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் துண்டைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எல்லாரும் கை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அந்த வாரமே மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். எரிந்த நிலத்தில் முளைத்தது என்று மட்டும் எழுதினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மழையால் முளைத்திருக்கும் என்பார்கள் என்றார். அதே சரிவு, அதே மழை, அதே விதை, ஆனால் எரியாத ஒரு துண்டு பக்கத்திலேயே வேண்டும் ஒப்பிட்டுக் காட்ட. அப்படி ஒன்று கடவுளாகக் கொடுத்ததுபோல் இருக்கிறதே என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். என் அளவுகளையும் அவளுடையதையும் சேர்த்து ஒரே கட்டுரையாக எழுத வேண்டும். அவள் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. முதல் பெயருக்குத்தான் வேலைக்குப் பரிந்துரை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எங்கள் இருவருக்கும் தெரியும்.

அதாவது நான் இத்தனை நாள் காத்த நிலம், ஒன்றும் முளைக்காத நிலம் என்று காட்டுவதற்கு உதவும். அவள் கதைக்கு நான் எதிர்ப்பக்கம். அறையைவிட்டு வெளியே வந்ததும் அவள் என் தோளைத் தொட்டு, உனக்குச் சம்மதம் இல்லையென்றால் வேண்டாம், நான் மேடத்திடம் பேசுகிறேன் என்றாள். அந்தப் பெருந்தன்மை எனக்கு அமிலம் பட்டதுபோல் இருந்தது. யோசிக்கிறேன் என்றேன்.

யோசிக்கவெல்லாம் இல்லை. கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். என் அளவுகள் இல்லாமல் அவளுடைய பச்சை வெறும் படம்தான், ஸ்டேட்டஸில் வைத்துக்கொள்ளலாம். முதல்முறையாக அவளுக்கு வேண்டியது ஒன்று என் கையில் இருந்தது. விட மனசு வரவில்லை. அளவுகள் இன்னும் முடியவில்லை என்றேன். காய்ச்சல் என்றேன். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றேன். மேடம் அதட்டினார், கெஞ்சினார். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸில் எப்போதும்போல இடம் பிடித்து வைத்தாள். நானும் எப்போதும்போல அதில் உட்கார்ந்தேன்.

இப்படியே ஆடி வந்துவிட்டது. ஒருநாள் நான் தனியாக மலைக்குப் போனபோது ஆடுகள் என் துண்டுக்குள் மேய்ந்துகொண்டிருந்தன, கீழ்ப்பக்கம் வேலி இல்லாத வழியாக. எனக்கு யார்மேலோ காட்ட வேண்டிய கோபம் நிறைய இருந்தது. எல்லாவற்றையும் அந்த அக்காமேல் கொட்டினேன். வேலியைப் பிடுங்கியது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும், நெருப்பு வந்த அன்றைக்கே பார்த்தேன், நானும் போனால் போகட்டும் என்று விட்டேன் என்றேன்.

அவர் அசையவில்லை. ஒரு ஆட்டை அதட்டி வெளியே விரட்டிவிட்டு நிதானமாக என்னைப் பார்த்தார்.

“வேலிய நான் இன்னாத்துக்குமா புடுங்கறேன்? அந்தப் பொண்ணு புடுங்குச்சு. வெறுங்கையால. அதோடது அப்போ ஒரு மூலையிலதான் புடிச்சிருந்துச்சு, நாங்க ரெண்டு பேரும் தழையால அடிச்சிருந்தா அணைஞ்சிருக்கும். அது கேக்கல. மேல முள்ளு புடிச்சா அவ்ளோதான், வாக்கான்னு என்னையும் இஸ்துகினு உன் நெலத்துக்கு ஓடுச்சு.”

நான் போட்டிருந்த பட்டையைக் குனிந்து பார்த்தேன். மண் தெரியக் கொத்தியிருந்தேன், உண்மைதான். அந்த வெறும் மண்ணின்மேலேயே காய்ந்த முள்ளைக் குவித்து வேலி போட்டிருந்தேன். நெருப்புக்கு வழி அடைத்துவிட்டு, நானே ஆட்டுக்குப் பயந்து அதற்குப் பாலம் போட்டிருக்கிறேன். நெருப்பு அந்த முள்ளில் ஏறியிருந்தால் ஒரே மூச்சில் என் புல்லுக்குள் இறங்கியிருக்கும். என் முன்யோசனை என்று நான் அம்மாவிடம் பீற்றிக்கொண்டது, கடவுள் துணை என்று சொன்னது, எல்லாம் அவளுடைய இரண்டு கை.

அக்கா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், வேலி போட்டால் மறுபடியும் வாயில்லாத ஜீவன்கள் எங்கே போகும் என்று. நான் இறங்கி வந்துவிட்டேன். வழியெல்லாம் நன்றியாக எதையாவது நினைக்கப் பார்த்தேன். வரவில்லை. என் துண்டு எரியாமல் இருப்பதும் அவளுடையதுதான், அவள் துண்டு எரிந்ததும் அவளுடையதுதான், இதில் என்னுடையது என்று என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது.

மறுநாள் மேடத்தின் மேசையில் என் அளவுகள் முழுவதையும் பென்டிரைவில் வைத்தேன். அவள் பெயரை முதலில் போடுங்கள் என்றேன். ஏன் இவ்வளவு நாள் என்று மேடம் கேட்டார். கம்ப்யூட்டர் இப்போதுதான் சரியானது என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் விட்டுவிட்டார்.

கட்டுரை வந்தது. வேலை அவளுக்குக் கிடைத்தது. நான் படிப்பை முடித்து, ஷூ கம்பெனி நாற்காலியை வேண்டாம் என்று சொல்லி, திருப்பத்தூரில் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தப் போனேன். அம்மா சில மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

தன் முதல் சம்பளம் வந்ததும் அவள் என்னை ஆம்பூரில் பிரியாணிக் கடைக்குக் கூப்பிட்டாள். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நல்ல சுடிதாராக எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். கல்லூரியில் அவளுக்குத் தனி மேசை, மேசைக்குமேல் மின்விசிறி, பிள்ளைகள் ‘மேடம்’ என்று கூப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் மறைத்துச் சொல்லவும் இல்லை, பெருமையடிக்கவும் இல்லை. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“வேலிய புடுங்கினத ஏன்டி எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

அவள் கத்திரிக்காயை என் தட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப? அதுக்கும் பொறாமைப்பட்டிருப்ப.”

சாதாரணமாகத்தான் சொன்னாள், மழை வரும் என்று சொல்வதுபோல. இத்தனை வருஷமும் நான் மறைத்துவைத்திருப்பதாக நினைத்தது அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் பஸ்ஸில் இடம் பிடித்து வைத்திருக்கிறாள். தெரிந்தேதான் தன் நிலத்தை விட்டுவிட்டு மேலே ஓடியிருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என் துண்டின் மூலையைத்தான் அடித்து அணைத்திருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும், அல்லது நன்றியாவது சொல்ல வேண்டும். இரண்டும் வாயில் வரவில்லை.

“இப்பவும்தான் படறேன்” என்றேன்.

“தெரியும்” என்றாள். “சாப்புடு.”